இங் சேர்த்தால்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குச் சமமான உயரத்தில்
எங்கள் வகுப்பு.
அபிஷா பலகையில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும்
ஜன்னலில் ஒரு களியக்காவிளை பஸ் போகும்.

போகும் என்கிறேன், பாருங்கள்.
தினமும் நடப்பதையெல்லாம்
நாளைக்குரிய சொல்லில்தான் வைத்திருக்கிறோம்.
குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டுவார்கள்.
குளச்சலில் சாயங்காலம் சாளை மலியும்.
அவருக்கு மரச்சீனி பிடிக்கும்.
இதைச் சொன்னதும் அபிஷா பேனா மூடியைக் கடித்து யோசித்தாள்.
பிறகு,
"அக்கா, இது பரீட்சைக்கு வராது" என்றாள்.

அவளுக்கு இருபத்துமூன்று, எனக்கு முப்பத்தெட்டு.
பதினாறு வருஷம் ஊசி போட்ட கை
ஒரு எஸ் போட மறக்கிறது.

வழக்கம் என்றால் எஸ்.
இந்த நொடி என்றால் இங்.
கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றாலும் இங்.
சிலதுக்கு இங் சேரவே சேராது:
தெரிவது, பிடிப்பது, வேண்டியிருப்பது.
பேஷன்ட் இஸ் ஹேவிங் பெயின் என்று
பதினாறு வருஷமாக எழுதி வந்தேன்.
ஹேஸ் என்று திருத்தினாள்.
வலி ஒரு செயல் இல்லையாம், நிலையாம்.
ராத்திரி ட்யூட்டியில் நின்றவளுக்குத் தெரியும்,
மூன்று மணிக்கு அது என்னென்ன வேலை பார்க்கும் என்று.

ஒன்றாம் வகுப்பில்
ங ஙா ஙி ஙீ என்று தொண்டை நோகச் சொன்னோம்.
அந்த வரிசையில் தொடங்கும் ஒரு சொல்லை
இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை.
இத்தனை வருஷம் கழித்து
வாக்கியத்தின் வாலில் வந்து உட்கார்ந்து
என்னை அயர்லாந்துக்கு விடலாமா வேண்டாமா
என்று பார்க்கிறது.

குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம்.
மை ஹஸ்பண்ட் இஸ் ஒர்க்கிங் இன் சலாலா.
"எத்தனை வருஷமா அக்கா?"
"பன்னிரண்டு."
"அப்ப ஒர்க்ஸ்."
சிவப்பு மையில் இஸ் போயிற்று, இங் போயிற்று.
ஓரத்தில் ஒரு எஸ் தொங்கியது,
துறைமுகத்தில் அவர் ஓட்டும் கிரேனின் கொக்கிபோல.

ரெண்டு வருஷம் என்றுதான் போனார்.
மாடிக்கு விட்ட கம்பி துருப்பிடிக்குமுன்னே
வந்து கட்டி முடிப்பதாகப் பேச்சு.
அந்தக் கம்பிகளில் கயிறு கட்டி
நான் துணி காயப்போடுவேன்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவார்.
"என்ன செய்யுதே?"
என்ன உத்தியோகம் என்று கேட்டாலும் அதுதான்,
இந்த நிமிஷம் கையில் என்ன என்று கேட்டாலும் அதுதான்.
ஒருநாள் விளையாட்டுக்கு,
"நர்சா இருக்குதேன்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
"மழை உண்டா?"
"உண்டு."
"பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா?"
"இல்ல."
உண்டுக்கும் காலம் இல்லை, இல்லைக்கும் காலம் இல்லை.
எங்கள் பேச்சு பெரும்பாலும்
இந்த ரெண்டு சொல்லிலேயே ஓடிவிடும்.
எப்பம் வருவிய என்று மட்டும்
நான் கேட்பதில்லை.
வருவேன் என்பார்.
அது வழக்கமா எதிர்காலமா என்று
தமிழிலும் சொல்ல முடியாது.

நேற்று தாளைத் திருப்பித் தந்தாள்.
ஐந்தில் நான்கு.
எஸ்ஸுக்குப் போன மார்க்கை விட்டுவிட்டு
மற்ற வரிகளைப் படித்தேன்.
மகன் படிக்கும் வகுப்பு. சரி.
மாமியாரின் சர்க்கரை. சரி.
கடைசி வரி:
ஐ ஆம் லிவிங் இன் கருங்கல்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷம்.
அவள் எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை.
இங் அப்படியே இருந்தது,
பக்கத்தில் சிவப்பில் ஒரு சின்ன சரி.
நானும் சொல்லவில்லை.

தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு
நிமிர்ந்தேன்.
ஜன்னலில் கருங்கல் பஸ்
போய்க்கொண்டிருந்தது.